கோல்ட் விங்கை மூன்று சக்கர வண்டியாக மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன்; வயது 63. என்னிடம் 2012ஆம் ஆண்டு ஹோண்டா கோல்ட் விங் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பெட்ரோல் போட நிற்கும்போது வண்டி சற்றுச் சாய்ந்தாலும் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. மனைவியும் பின்னால் உட்கார அஞ்சுகிறார். பின்புறத்தில் இரண்டு சக்கரங்கள் வைத்து ட்ரைக்காக மாற்றித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். ‘ஒரே வாரத்தில் முடிந்துவிடும், வண்டி அதே வண்டிதான்’ என்கிறார். மாற்றுவதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா?

பதில்: கடைக்காரர் சொன்னதில் ‘அதே வண்டிதான்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சினும் இருக்கையும் அவைதான். ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாகக் கற்று வைத்திருக்கும் கைப்பழக்கம் அந்த வண்டியில் செல்லாது. இரு சக்கர வண்டியில் வேகமாகச் செல்லும்போது வலப்புறம் திரும்ப வேண்டுமானால், வலக்கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளி வண்டியை அந்தப் பக்கம் சாய்க்கிறீர்கள். ட்ரைக் சாயாது. அதில் வலப்புறம் திரும்ப இடக்கைப்பிடியைத் தள்ளி, வலக்கைப்பிடியை இழுக்க வேண்டும். உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்காவிட்டால் உட்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும். நம்மூர் ஆட்டோ அவசரமாகத் திரும்பும்போது பின் இருக்கையில் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பீர்களே, அதே கணக்குதான்.

ஆகவே ஒரு காசு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஏதாவது ஒரு ட்ரைக்கை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அரை நாளாவது ஓட்டிப் பாருங்கள். மோட்டார்சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சக்கர வண்டிகளுக்கென்றே தனிப் பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறது. அதில் சேர்வது இன்னும் நல்லது. அங்கே முதலில் மறக்க வேண்டிய பழக்கம், நிற்கும்போது காலைத் தரையில் ஊன்றுவது. ட்ரைக்கில் அதற்குத் தேவையே இல்லை என்பதோடு, வண்டி முழுவதும் நிற்பதற்கு முன் காலை இறக்கினால் பின் சக்கரம் குதிகாலின் மேல் ஏறிவிடும். மாற்று முழங்கால் உள்ளவருக்கு இது சிறிய விஷயமல்ல.

ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் பணக் கணக்குக்கு வருவோம். ஹோண்டா நிறுவனம் கோல்ட் விங்கை ட்ரைக்காகத் தயாரித்து விற்றதில்லை. டெக்சஸின் ட்ரூப் ஊரிலுள்ள மோட்டார் ட்ரைக், கென்டக்கியிலுள்ள ஹானிகன் போன்ற தனி நிறுவனங்கள்தான் இதற்கான கிட்டுகளை, அதாவது மாற்றத்துக்கான பாகத் தொகுப்புகளைச் செய்கின்றன. பழைய பின் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலுடன் (வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) கூடிய அச்சும், கார் டயர்களும், அவற்றை மூடும் ஃபைபர் உடற்பகுதியும் பொருத்துகிறார்கள். உதிரிகள், கூலி, வண்டியின் நிறத்துக்கு ஒத்த பெயிண்ட் எல்லாம் சேர்ந்தால் 10,000 டாலருக்குள் முடிவது அரிது. நல்ல கிட்டுக்கு அதைவிடக் கணிசமாகவே ஆகும். இவ்வளவு செலவழித்த பின் விற்கப் போனால், வண்டியின் விலையும் கிட்டின் விலையும் சேர்ந்து திரும்பி வராது. ட்ரைக் தேடுகிறவர்கள் குறைவு என்பதே காரணம்.

விற்பவருக்கு நட்டமான இதே நிலை வாங்குபவருக்கு ஆதாயம். உங்கள் வண்டியின் மீது தனிப் பாசம் இல்லையென்றால், அதை விற்றுவிட்டு, வேறொருவர் ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கும் அதே காலத்துக் கோல்ட் விங் ட்ரைக்கைத் தேடுங்கள் என்பேன். மாற்றுச் செலவின் பெரும் பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருப்பார். தொழிற்சாலையிலிருந்தே மூன்று சக்கரத்துடன் வரும் ஹார்லி டேவிட்சன் ட்ரை கிளைடு, முன்னால் இரு சக்கரங்கள் கொண்ட கேன்-ஆம் ஸ்பைடர் ஆகியவையும் உண்டு; ஆனால் கோல்ட் விங்கின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பழகியவர்கள் பலர் அவற்றில் மனம் நிறைவதில்லை.

அப்படியும் உங்கள் வண்டியையே மாற்ற நினைத்தால் இரண்டு இடங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றும் உதிரி. இரு சக்கரத்துக்காக அமைந்த கோணத்திலேயே ட்ரைக்கை ஓட்டினால் கைப்பிடியைத் திருப்புவது பாரமாக இருக்கும். நூறு மைல் மலைப்பாதையில் தோள் வலித்த பிறகுதான் அது புரியும். பல கடைகள் இதைக் கூடுதல் செலவாகக் காட்டுவதால் வாடிக்கையாளர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். மற்றொன்று பின் சஸ்பென்ஷன். ஒரே திட அச்சு கொண்ட கிட் விலை குறைவுதான். ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டத்தை மிகுதியாக உணர்பவர் பின்னால் அமர்ந்திருப்பவர். உங்கள் மனைவி அச்சமின்றி வர வேண்டும் என்பதே நோக்கமானால், சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் அமைப்புக்கே பணம் கொடுங்கள். மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுவதால் பள்ளத்தைத் தவிர்ப்பதும் முன்போல் எளிதாக இராது. முன் சக்கரம், கார்களிலிருந்து எண்ணெய் சொட்டும் நடுப்பட்டையிலேயே ஓடும்.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது போடும் கை பிரேக் இருக்கிறதா, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பழைய ஏ.பி.எஸ். மாற்றத்துக்குப் பிறகும் வேலை செய்யுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய ஸ்விங் ஆர்ம், சக்கரம், பக்கப் பெட்டிகள் அனைத்தும் உங்களுடையவை. கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: பழைய ட்ரைக் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கிட்டைச் செய்தவர் யார் என்பதை. ஹோண்டா உதிரிகள் எங்கும் கிடைக்கும். ஆனால் பின் அச்சின் பேரிங்கும் புஷ்ஷும் பிரேக் பாகங்களும் கிட் நிறுவனத்தின் தேர்வு. அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால், ஒரு சிறு பேரிங்குக்காகக் கோடைகாலம் முழுவதும் வண்டி கேரேஜிலேயே நிற்க நேரிடலாம். கிட்டின் வரிசை எண்ணும் பொருத்தும் கையேடும் இல்லாத வண்டிக்கு விலையைக் குறைத்தே பேசுங்கள். பிறகு மண்டியிட்டுப் பின் டயர்களைப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு நேராக இல்லை.

வேறொரு வாசகரின் கேள்வி: என் கோல்ட் விங்குக்கு இன்னும் ஹோண்டா வாரண்டி இருக்கிறது. ட்ரைக்காக மாற்றினால் அது ரத்தாகிவிடுமா? உரிமமும் காப்பீடும் மாற வேண்டுமா?

பதில்: முழுவதும் ரத்தாகாது. வேறு நிறுவனத்தின் உதிரியைப் பொருத்தியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் பழுதுக்குக் காரணம் அந்த உதிரிதான் என்றால் நிறுவனம் மறுக்கலாம். ரேடியோ பழுதானால் உங்கள் பக்கம் நியாயம். கியர்பெட்டியோ, பின் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் பின் டிரைவோ போனால் வழக்காடத் தயாராக இருங்கள்.

உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிலவற்றில் கார் உரிமமே போதும், வேறு சிலவற்றில் மோட்டார்சைக்கிள் உரிமம் வேண்டும். உங்கள் மாநில வாகனத் துறையிடம் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) மாற்றம் பதிய வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால், விபத்தின்போது அவர்கள் தங்கள் பதிவிலுள்ள இரு சக்கர வண்டியின் மதிப்பையே பேசுவார்கள். கிட்டின் மதிப்பீட்டுப் பட்டியலை அனுப்பி, அந்தத் தொகையும் காப்பீட்டில் சேர்ந்துவிட்டது என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே வண்டியைக் கடையில் விடுங்கள்.