லைக் வாங்கினால் கூகுளில் மேலே வருமா?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு இணையதளம் நடத்துகிறேன். ஃபேஸ்புக்கில் 18,000 பேர் பின்தொடர்கிறார்கள். பதிவுக்கு ஆயிரம் லைக் வரை விழுகிறது. ஆனால் கூகுளில் தேடி தளத்துக்கு வருகிறவர்கள் நாளைக்கு 20 பேரைத் தாண்டுவதில்லை. ‘லைக்கும் ஷேரும் கூடினால் ரேங்க் தானாக ஏறும், ஒரு பேக்கேஜ் எடுங்கள்’ என்கிறார் ஒருவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஆயிரம் லைக் இருந்தும் ஏறாத ரேங்க், இன்னும் பத்தாயிரம் வாங்கினால் மட்டும் ஏன் ஏறப்போகிறது?

இந்தப் பேச்சு ஒன்றுமில்லாமல் கிளம்பியதல்ல. 2010 டிசம்பரில், ட்விட்டரில் பகிரப்படும் லிங்குகளை ஓரளவு கணக்கில் கொள்வதாகக் கூகுள் தரப்பிலேயே சொன்னார்கள். ஆனால் 2014 ஜனவரியில், அப்போது கூகுளில் இருந்த மேட் கட்ஸ் ஒரு வீடியோவில் தெளிவாகவே பேசினார்: ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களும் எங்களுக்கு மற்ற வலைப்பக்கங்களைப் போலத்தான், லைக் எண்ணிக்கையையோ ஃபாலோயர் எண்ணிக்கையையோ ரேங்குக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று. காரணமும் நியாயமானது. அந்தத் தளங்கள் எப்போது வேண்டுமானாலும் கூகுளுக்குக் கதவைச் சாத்தலாம். இன்னொருவர் கையில் இருக்கும் எண்ணை நம்பித் தரவரிசை போட முடியுமா? பேக்கேஜ் விற்பவர்கள் 2010-லேயே நின்றுவிட்டார்கள்.

அங்கே நீங்கள் போடும் லிங்குக்கும் பெரிய பலம் கிடையாது. பெரும்பாலான சமூக ஊடகங்கள் வெளி லிங்குகளுக்கு ‘நோஃபாலோ’ குறி போடுகின்றன. இந்த லிங்குக்கு நான் பொறுப்பல்ல என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. 2019-இல் கூகுள் இதைக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அதனால் எல்லாம் மாறிவிடும் என்று நம்ப வேண்டாம்.

அப்படியானால் ஃபேஸ்புக்கில் உழைப்பதெல்லாம் வீணா? இல்லை. பலன் சுற்றி வருகிறது. உங்கள் பதிவைப் பார்க்கும் ஆயிரம் பேரில் சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் ஒருவர், தன் கட்டுரையில் உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அதைக் கூகுள் கவனிக்கும். இன்னும் சிலர் பெயரை நினைவில் வைத்து, பிறகொரு நாள் உங்கள் தளத்தின் பெயரையே தேடுவார்கள். இவற்றில் எதையும் செய்தது லைக் அல்ல. பதிவு சரியான ஆளின் கண்ணில் பட்டதுதான் செய்தது.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. பழுதுபார்க்கும் முறை முழுவதையும் ஃபேஸ்புக் பதிவிலேயே எழுதிவிட்டு, தளத்தில் நாலு படம் மட்டும் போடுகிறீர்களா? பலர் இதைத்தான் செய்கிறார்கள். பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும். ஆறு மாதம் கழித்துக் கையில் பழுதான கேமராவோடு ஒருவர் தேடும்போது, காட்டுவதற்குக் கூகுளிடம் உங்கள் பக்கம் ஒன்று இருக்க வேண்டுமே. விரிவான விளக்கம் தளத்தில் இருக்கட்டும். ஃபேஸ்புக்கில் அதன் ருசி மட்டும் போதும்.

அப்புறம், அந்தப் பதிவுகளின் கீழே வரும் கமென்ட்டுகள். லைக்கை விட்டுத் தள்ளுங்கள், உங்கள் சொத்து அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ‘லைட் சீல் மாற்றுவது எப்படி’ என்று தலைப்பு வைப்பீர்கள். ஆனால் கேமரா வைத்திருப்பவருக்கு லைட் சீல் என்ற பெயரே தெரியாது. அவர் கேட்பது, ‘ஃபோட்டோவில் ஆரஞ்சு கலரில் கோடு விழுகிறது, ஏன்?’ என்று. பின்கதவின் நுரைப்பட்டை நைந்து வெளிச்சம் கசிகிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குக் கோடு மட்டும்தான் தெரியும். கூகுளிலும் அவர் அந்தக் கோட்டைத்தான் தேடுவார். கடந்த ஓராண்டின் கமென்ட்டுகளை உட்கார்ந்து படித்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தளத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கீவேர்டு (தேடுசொல்) பட்டியலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

பலன் வருகிறதா என்று பார்க்க கூகுள் சர்ச் கன்சோல் போதும். எந்தச் சொற்களைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கருவி அது, இலவசம்தான். 16 மாதத் தரவு வரை கிடைக்கும். தேடல் சொற்களில் உங்கள் தளத்தின் பெயர் வருபவற்றைத் தனியே பிரியுங்கள். நன்றாக ஓடிய பதிவுகளுக்குப் பிறகு அந்தத் தேடல்களின் எண்ணிக்கை ஏறுகிறதா? ‘லிங்க்ஸ்’ பகுதியில், உங்களுக்கு லிங்க் கொடுக்கும் புதிய தளங்கள் சேர்கின்றனவா? இரண்டும் அசையவில்லை என்றால் உங்கள் லைக்குகள் ஃபேஸ்புக்கோடு நின்றுவிடுகின்றன என்று பொருள். பகிரும் லிங்கின் கடைசியில் யூ.டி.எம். ஒட்டு (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் அடையாளச் சொற்கள்) சேர்த்தால், எந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் கருவியில் தெரியும். தளத்துக்குள்ளேயே இருக்கும் லிங்குகளில் மட்டும் அதை ஒட்டாதீர்கள், கணக்கு குழம்பிவிடும். வாட்ஸ்அப்பில் கைமாறும் லிங்குகள் பெரும்பாலும் அங்கே ‘டைரக்ட்’ (நேரடி வருகை) என்றே பதிவாகும். அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறினால் எங்கோ ஒரு குழுவில் உங்கள் பக்கம் சுற்றுகிறது என்று ஊகிக்கலாம்.

அந்தப் பேக்கேஜில் ‘பேக்லிங்க்’ (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) என்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரேங்குக்காக லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. பலன் தராத லைக்கைவிட மோசம் அது. விற்றவர் போய்விடுவார், தேடல் முடிவில் சரிவது உங்கள் தளம்.