முதல் புத்தகத்துக்கு வந்த விமர்சனத்தை எப்பிடி எடுக்கிறது?

கேள்வி கேட்ட தங்கச்சி முல்லைத்தீவுப் பக்கம் எண்டு எழுதியிருக்கிறா. முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து கொஞ்ச நாளில ஆரோ ஒருத்தர் பேஸ்புக்கில "பாத்திரங்கள் எல்லாம் ஒரே குரலில கதைக்குது, அழுகை கூட, கதை குறைவு" எண்டு நீளமா எழுதிப்போட்டாராம், அதுக்குப் பதில் எழுதுறதா விடுறதா, இனி எழுதவே மனமில்லை எண்டு கேட்டிருக்கிறா. நான் கிளிநொச்சியில ஒரு வாசகர் வட்டத்தில கன காலமா இருக்கிறன், வெளியீடுகளில மதிப்பீட்டுரையும் செய்யிறனான், அதால குறை சொல்லுற ஆளின்ர பக்கம் நிண்டும் கொஞ்சம் சொல்லலாம்.

உங்களுக்கு நொந்தது நியாயம் தான். எங்கட ஊர் வெளியீடு எப்பிடி நடக்கிறது எண்டு தெரியும் தானே. மங்கள விளக்கு, வரவேற்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்க வாறவை என்வலப்போட மேடைக்கு ஏறுறது, ஆய்வுரை எண்டு நோட்டீசில போட்டிருந்தாலும் எழுதின பிள்ளையின்ர அம்மா முன் வரிசையில இருக்கேக்க ஆர் தான் வாய் திறந்து குறை சொல்லுவினம், எல்லாரும் வாழ்த்திப்போட்டு இறங்க கடைசியா ஏற்புரை. 300, 500 பிரதி அடிக்கிற இடத்தில வாங்கினவையில முக்கால்வாசிப் பேர் சொந்தமும் தெரிஞ்ச ஆக்களும். அப்ப உங்களைத் தெரியாத ஒருத்தர் காசு குடுத்து வாங்கி கடைசிப் பக்கம் வரை வாசிச்சு எழுதினது இது தான் முதல் தரம். அது சுடாமல் எப்பிடி இருக்கும்.

வன்னியில எழுதுற ஆக்களுக்கு இதில இன்னொரு கரைச்சல் இருக்கு, உங்கட கேள்வியிலயும் அது தெரியுது. நாங்கள் எழுதுறதில பாதி நாங்கள் பட்டது, கண்டது, இழந்தது. "அழுகை கூட" எண்டு ஒருத்தர் எழுதினா, என்ர தம்பியின்ர சாவை இவன் மார்க் போட வந்திட்டானோ எண்டு தான் மனம் உடன போகும். ஆனா அவர் கதைச்சது அந்தச் சாவைப் பற்றி இல்லை, நீங்கள் அதைச் சொன்ன விதத்தைப் பற்றி. நடந்தது உங்கட, அதில ஆரும் கை வைக்கேலாது. எழுதின பக்கம் வாசிக்கிறவருக்கும் சொந்தம். இந்த ரெண்டையும் மனசில பிரிச்சு வைக்கப் பழகிறது தான் முழு வேலையும் எண்டு நான் நினைக்கிறன், மிச்சமெல்லாம் பழக்கத்தில வரும்.

எங்கட வட்டத்தில நடந்த ஒண்டைச் சொல்லுறன். ஒரு பெடியன், 2009 கடைசி யுத்தத்தில சனம் இடம்பெயர்ந்து போனதைப் பற்றின கதை, நல்லா எழுதியிருந்தான். கூட்டத்தில ஒரு அம்மா எழும்பி "தம்பி, நீங்கள் வலைஞர்மடத்துக்குப் பிறகு பொக்கணைக்குப் போறதா எழுதியிருக்கிறியள், நாங்கள் மாத்தளனால வந்து பொக்கணை தாண்டித்தான் வலைஞர்மடம் போனனாங்கள், அங்கால தான் முள்ளிவாய்க்கால்" எண்டா. மண்டபம் அப்பிடியே அமந்து போச்சு. அவன் "அது கதை தானே அம்மா" எண்டு சொல்லியிருக்கலாம், கன பேர் அப்பிடித்தான் சொல்லுறவை. அவன் பேனையை எடுத்து அந்தப் பக்கத்திலயே குறிச்சுப்போட்டு "பொக்கணையில நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள், தண்ணிக்கு என்ன செய்தனீங்கள்" எண்டு கேட்டான். பிறகு அந்த அம்மா கதைச்சது தான், கூட்டம் முடிஞ்சும் வாசலில நிண்டு கதைச்சவ. ரெண்டாம் பதிப்பில அந்த இடம் மூண்டு பக்கமா விரிஞ்சு வந்தது, முழுப் புத்தகத்திலயும் நல்ல இடம் இப்ப அது தான். அந்த வழியால நடந்த சனம் இன்னும் உயிரோட இருந்து எங்கட புத்தகத்தை வாசிக்குது, இது எங்களுக்குக் கிடைச்ச பெரிய கொடுப்பினை, அவை திருத்தினா கையெடுத்துக் கும்பிட்டு வாங்கோணும்.

வயல் விசயமும் அப்பிடித்தான். ஐப்பசியில கதிர் சாஞ்சு நிக்குது எண்டு ஒரு கதையில வந்தா இங்க சின்னப் பிள்ளையும் பிடிச்சிடும், மாரி மழையோட செய்யிற நெல், காலபோகம், அப்ப தானே விதைக்கிறது, வெட்டுறது மாசி பங்குனியில. இப்பிடியான தகவல் பிழைக்கு விவாதம் தேவையில்லை, சொன்னவருக்கு நன்றி சொல்லிப்போட்டுத் திருத்துங்கோ.

உங்களுக்கு வந்தது தகவல் பிழை இல்லை, எழுத்து முறையைப் பற்றினது. அதுக்கு உடன ஒண்டும் செய்யாதேங்கோ. ஒரு கிழமை போகட்டும். பிறகு உங்கட கதையில உரையாடல் வாற இடங்களை மட்டும் சத்தமா வாசிச்சுப் பாருங்கோ, ஆர் கதைக்கினம் எண்ட பேரை மறைச்சுப்போட்டு வேற ஒராளிட்டக் குடுத்து இது ஆச்சியா பேத்தியா எண்டு கேளுங்கோ. அவை சரியாச் சொன்னா விமர்சகர் சொன்னதை விட்டிடலாம். தடுமாறினா அவர் சொன்னதில விசயம் இருக்கு. ஒராள் சொன்னா அது அவரின்ர ரசனையாவும் இருக்கலாம், ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினா அந்த இடத்தை நான் கட்டாயம் திரும்பிப் பாப்பன். என்ன பிழை எண்டு அவை சொல்லுற காரணம் சரியா இல்லாமலும் இருக்கும், இடம் பெரும்பாலும் சரியா இருக்கும்.

இரவில கொமெண்ட் வாசிக்காதேங்கோ, இதைச் சீரியசாத்தான் சொல்லுறன். எங்கட வாசகர் பாதிப்பேர் கனடாவிலயும் லண்டன் பாரிசிலயும், கனடாவில பின்னேரம் எண்டா எங்களுக்கு விடியப்புறம், அந்த நேரம் முழிச்சு போனைப் பாத்து கோவத்தில ரைப் பண்ணினது ஸ்கிரீன்ஷொட்டா வருசக்கணக்கா சுத்தும். கூட்டாளிமாரை அனுப்பி சண்டை பிடிக்கிறதும் வேண்டாம். 60களில இடதுசாரிப் பக்கம் நிண்ட முற்போக்கு அணி, அதை எதிர்த்த நற்போக்கு அணி எண்டு எங்கட எழுத்தாளர்கள் பிரிஞ்சு நிண்டு யாழ்ப்பாணத்தில சாகித்திய விழாவில கூழ்முட்டை எறியிற அளவுக்குப் போனது, அதால ஆற்ர எழுத்தும் வளரேல்லை. அதே காலத்தில எழுத்தாளர் மு. தளையசிங்கம், முற்போக்கு அணியின்ர பெரிய விமர்சகர் கைலாசபதியோட முரண்பட்டதைக் கட்டுரையா எழுதினார், அதை இண்டைக்கும் எடுத்து வாசிச்சு யோசிக்கலாம். பதில் சொல்லித்தான் ஆகோணும் எண்டா அப்பிடிச் சொல்லோணும், கருத்துக்குக் கருத்து, ஆளை விட்டிட்டு.

இன்னொண்டு, பொம்பிளைப் பிள்ளை எண்டதால சொல்லுறன். "இவ ஆர் இதை எழுத", "புருசன் எப்பிடி விட்டவர்", சாதி, குடும்பம், நீ எந்தப் பக்கம் எண்டெல்லாம் வாறதை விமர்சனம் எண்டு எடுக்கவே தேவையில்லை. புத்தகத்தில ஒரு வரியைக் காட்டிக் கதைச்சா விமர்சனம், இல்லாட்டி பிளொக் பண்ணுங்கோ, விளக்கம் குடுக்க வேண்டாம், அப்பிடி விளக்கம் குடுக்கிறது பணிவும் இல்லை பெருந்தன்மையும் இல்லை.

இப்ப அந்த மனுசனுக்கு "முழுசா வாசிச்சு எழுதினதுக்கு நன்றி, உரையாடலைப் பற்றி நீங்கள் சொன்னதை யோசிக்கிறன்" எண்டு மட்டும் எழுதுங்கோ, ஒத்துக்கொண்டதாவும் இல்லை, மறுத்ததாவும் இல்லை, உள்ளதை உள்ளபடி சொன்னது. பிறகு அடுத்த கதையைத் தொடங்குங்கோ. தொகுப்பு கிளிநொச்சியில எந்தக் கடையில கிடைக்கும் எண்டு கீழ போட்டுவிடுங்கோ, வட்டத்தில எடுத்து வாசிச்சுக் கதைக்க விருப்பம், உங்களுக்குச் சரியெண்டா நீங்களும் வாங்கோ.