ஷம்மேக்ஸ் வரம்பை உயர்த்தியும் போஸ்ட்கிரெஸில் பகிர்நினைவகப் பிழை தொடர்வது ஏன்?

கல்முனையிலுள்ள அரிசி ஆலையின் சேவையகத்தில் 16 கிகாபைட் நினைவகம் இருந்தும், போக முடிவில் நெல் கொள்வனவு அறிக்கை எடுக்கும்போது மட்டும், டொக்கரில் (மென்பொருளைத் தனிக் கொள்கலனுக்குள் இயக்கும் கருவி) இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பகிர்நினைவகத்துக்கு (பல செயல்முறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகம்) இடமில்லை என்று வினவலை நிறுத்திவிடுவதாகவும், பகிர்நினைவகத் துண்டு ஒன்றின் உச்ச அளவைக் குறிக்கும் லினக்ஸின் ஷம்மேக்ஸ் வரம்பை உயர்த்தியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரம்பு இங்கே காரணமன்று. 2013இல் வெளிவந்த 9.3 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் தனது முதன்மைப் பகிர்நினைவகத்தை எம்மேப் என்ற இயங்குதள அழைப்பின் வழியாகவே பெறுகிறது. ஷம்மேக்ஸ் கட்டுப்படுத்தும் பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் அது கேட்பது மிகச் சிறிய துண்டு ஒன்றையே. பெரிய அறிக்கையைப் பல செயல்முறைகள் இணைந்து கணிக்கும்போதோ, அவை தமக்குள் பகிரும் தரவு /டெவ்/எஸ்எச்எம் (/dev/shm) என்ற, நினைவகத்திலேயே அமைந்த கோப்புப் பகுதியில் வைக்கப்படுகிறது. டொக்கர் அங்கே இயல்பாகத் தருவது 64 மெகாபைட் மட்டுமே. சேவையகத்தின் மொத்த நினைவகம் எவ்வளவாக இருந்தாலும் இது மாறாது.

ஆகவே அப்பகுதியின் அளவைத் தீர்மானிக்கும் எஸ்எச்எம்-சைஸ் (--shm-size) தெரிவை 1 கிகாபைட்டாகக் கொடுத்து கொள்கலனைப் புதிதாக உருவாக்குங்கள். இது உச்ச வரம்பே. பயன்படுத்தும் அளவு நினைவகம்தான் செலவாகும். தரவு, கொள்கலனுக்கு வெளியேயுள்ள வொல்யூம் என்னும் சேமிப்பிடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் கட்டாயம் உறுதிசெய்யுங்கள். இல்லையேல் பழைய கொள்கலனை நீக்கும்போது தரவும் அழிந்துவிடும். அதுவரை அறிக்கை அவசரமென்றால், அந்த அமர்வில் இணைச் செயல்முறைகளின் எண்ணிக்கையை 0 ஆக்கி ஓட்டலாம். நேரம் கூடுதலாக எடுக்கும்.