கோலில் கட்டிய சீலையும் யானையும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் நெடுங்கேணிப் பக்கத்தில் வசிப்பவள். மேடை நாடகங்களில் நடித்துவந்த எனக்கு அண்மையில் ஒரு குறும்படத்தில் நடிக்க வாய்ப்புக் கிடைத்தது. வயலில் இரவுக் காவல் இருக்கும் பெண்ணின் முன்னால் யானை வந்து நிற்பதுதான் அதில் முக்கியமான காட்சி. யானையைப் பின்னர் கணினியில் சேர்ப்பதாகச் சொல்லி, பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு கோலில் சிவப்புச் சீலைத்துண்டைக் கட்டி, அதைப் பார்த்து அலறச் சொன்னார் இயக்குநர். யானை வந்தால் நாங்கள் அலறுவதில்லை என்றேன். யானை பிளிறும் சத்தத்துக்கு அலறினால்தான் காட்சி எடுபடும் என்றார். கோலின் உயரத்தையும் துணியின் சுருக்கத்தையும் சரிபார்ப்பதில் பகல் முழுவதும் போனது. என் நடிப்பை இரண்டே தடவைதான் எடுத்தார்கள். கணினி வேலை நடிப்பைக் கொன்றுவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நண்பர்களோ, இனி எல்லாம் இப்படித்தான், பழகிக்கொள் என்கிறார்கள். நான் கோபப்படுவது பிழையா?

ஒரு வாசகி

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் கோபத்தில் பிழை இல்லை. ஆனால் அதைக் கணினியின்மீது காட்டுகிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு வேறுபடுகிறேன்.

பல பத்தாண்டுகள் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பழுத்த இயன் மக்கெலன், 2012இல் வெளிவந்த 'த ஹொபிட்' முதற் பாகத்தின் படப்பிடிப்பில் அழுதுவிட்டார். முந்திய 'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' படங்களில், உயரமாகத் தெரியவேண்டியவரைக் கமராவுக்குக் கிட்டவும் குள்ளமாகத் தெரியவேண்டியவரைத் தள்ளியும் இருத்தி, ஒரே அரங்கில் பல காட்சிகளை எடுக்க முடிந்தது. முப்பரிமாணப் படப்பிடிப்பிலோ, இரு கண்களைப் போல இரு கமராக்கள் தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதால், அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. ஆகவே குள்ளர்களாக நடித்த 13 பேரும் ஓர் அரங்கில் இருக்க, உயரமான மந்திரவாதியாக நடித்த அவர் மட்டும் பச்சை நிற அரங்கொன்றில் தனியே, தாங்கிகளில் பொருத்திய அவர்களுடைய படங்களைப் பார்த்துப் பேசவேண்டியிருந்தது. யார் பேசுகிறாரோ அவருடைய படத்தருகே விளக்கு ஒளிரும். இதற்காகவா நான் நடிகனானேன் என்ற பொருளில் அவர் தமக்குள் சொல்லிக்கொண்டது, ஒலிவாங்கி திறந்திருந்ததால், கலையகம் முழுவதற்கும் கேட்டுவிட்டது.

இந்தப் படங்களை இயக்கிய அதே பீற்றர் ஜாக்சன்தான், 2002இல் வெளிவந்த 'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் கொல்லம் என்ற கணினிப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். முதலில் குரலுக்காக மட்டும் அழைக்கப்பட்ட அன்டி சேர்கிஸ், படப்பிடிப்பு இடங்களுக்கே வந்து, மற்ற இரு நடிகர்களோடு கட்டிப்புரண்டு நடித்தார். பிறகு அவர் இல்லாமலும் அதே காட்சிகளை எடுத்து, அந்த வெற்றிடத்தில் கணினி உருவத்தை வைத்தார்கள். அந்த இருவரின் கண்களிலும் உயிர் தங்கியதற்குக் காரணம், அவர்கள் ஒரு மனிதனைப் பார்த்திருந்தார்கள் என்பதே. இயக்குநரும் கணினியும் இரு படங்களுக்கும் பொதுவாக இருக்க, நடிகருக்கு எதிரே ஒருவர் இருந்தாரா என்பதுதான் வேறுபட்டது.

தந்திரக் காட்சி நமக்கும் புதிதல்ல. காத்தவராயன் கூத்தில் கழுமரம் ஏறும் கட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1990களில், வன்னியில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயும் அரிதாக இருந்த காலத்தில், மாங்குளத்துக்கு அருகே ஒரு கோயில் வெளியில் அந்தக் கூத்தைப் பார்த்தேன். பிற்காத்தானாக, அதாவது கதையின் பிற்பகுதியில் வரும் காத்தவராயனாக ஆடியவர் மரத்தில் பாதி ஏறித் தாயை அழைத்துப் பாடிக்கொண்டிருந்தபோது பெற்றோல்மாக்ஸ் மங்கத் தொடங்கியது. காற்றடிப்பதற்காக எழுந்த பையனை, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டார். அவருடைய பார்வை ஆட்டக்காரரின் முகத்தைவிட்டு அகலவில்லை. விளக்கு தவிட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. முகம் தெரியாத இருட்டில் 'அம்மா' என்ற குரல் மட்டும் மேலிருந்து வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த அடி முடிந்த பிறகுதான் பையன் எழுந்து காற்றடித்தான்.

போருக்குப் பிறகு வேறோர் ஊரில், இதே கட்டத்துக்குப் புகை இயந்திரமும் நிற விளக்குகளும் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மேலே நின்றவர் புகை தொண்டைக்குள் போய் இருமினார். பாட்டு அறுந்தது. புகை நன்றாக வந்திருக்கிறது என்று கீழே நின்று கைப்பேசியில் படம்பிடித்தார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரமும் உங்களுக்கு வந்த ஆத்திரமும் ஒன்றுதான். விளக்கை நிறுத்திவைத்துக்கொண்டு ஆட்டக்காரனுக்காகக் காத்திருந்தவரைக் கண்ட எனக்கு, புகைக்காக ஆட்டக்காரனைக் காத்திருக்கவைத்தவர்களைப் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, யானை வந்தால் அலறமாட்டோம் என்று நீங்கள் சொன்னதை அவர் கேளாமல் விட்டதுதான். யானை எவ்வளவு கிட்ட வந்து நிற்கிறது என்பதை நாம் முதலில் கண்ணால் அறிவதில்லை. வேலியோரத்தில் கிளை முறியும் சத்தமும் அதன் மூச்சும்தான் சொல்கின்றன. அப்போது கை யானைவெடியைத் தேடும், ஆனால் வாய் திறக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் வாயைத்தான் கை முதலில் பொத்தும். இந்த அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை. அதை உடம்பில் வைத்திருந்த ஒருத்தியைக் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கோலின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார் அவர். கணினி வேலை செய்யும் பையனையும் நான் குறைசொல்லமாட்டேன். அவன் ஒரு மடிக்கணினியோடு எத்தனை இரவு விழித்திருந்தாலும், அலறும் முகத்துக்கு ஏற்ற யானையைத்தான் அவனால் செய்ய முடியும்.

பழகிக்கொள் என்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். நடிப்பைக் கைவிடவும் வேண்டாம். அடுத்த தடவை, படப்பிடிப்புக்கு முதல் நாளே யானையின் படத்தைக் காட்டும்படி கேளுங்கள். கோல் நிற்கட்டும், அதன் பின்னால், இருட்டிலே காவல் இருந்து பழகிய ஒருவரை நிறுத்திக் கிளையை முறிக்கவும் மூச்சுவிடவும் சொல்லுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. இந்தப் படத்தின் தொகுப்பு இன்னும் முடியவில்லையென்றால், உங்கள் முறைப்படி ஒரு தடவை எடுத்துப் பார்க்கும்படி இயக்குநரிடம் பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள். நானும் வந்து கேட்கிறேன்.