கோத்தகிரி விடுதி: தொட்டி கழுவிய பின் ஆர்ஓ டிடிஎஸ் ஏறியது பற்றி

வணக்கம். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய மறுவாரமே ஆர்ஓ தண்ணீர் வேகமாக வருகிறது, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 6-லிருந்து 40-க்கு ஏறிவிட்டது, அமிலம் விட்டுக் கழுவினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆர்ஓவில் உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவது ஒரு மெல்லிய சவ்வு. உப்புப் படிந்த சவ்வில் தண்ணீர் குறையும், உங்களுக்குக் கூடியிருக்கிறது. இது பிளீச்சிங் பவுடரிலிருந்த குளோரின் அரித்த சவ்வு. குன்னூரில் நானும் இப்படி ஒன்றைப் பறிகொடுத்தவன்தான்.

சவ்வின் மேல்தோல் பாலிஅமைடு என்ற நெகிழி. குளோரின் அதன் அமைடு பிணைப்பிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, பிறகு சங்கிலியையே தளர்த்திவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்றால் 200 முதல் 1000 மணி நேரம் தாங்கலாம். கழுவிய தொட்டியில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் தங்கியிருந்தால்? 200 மணி நேரம் ஐம்பதில் ஒரு பங்காகி, 4 மணி நேரத்திலிருந்தே சேதம் தொடங்கிவிடலாம். தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

குளோரினை நீக்கும் கார்பன் வடிகட்டி இருந்ததே என்பீர்கள். அந்தச் சிறு வடிகட்டி குழாய்த் தண்ணீரில் வரும் குளோரினுக்குத்தான். இவ்வளவை அது தாங்காது. புதுச் சவ்வு போடும் முன் கார்பனையும் மாற்றுங்கள். கார்பனைத் தாண்டி வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, நீச்சல்குளத்துக்கு விற்கும், குளோரின் இருந்தால் மஞ்சளாகும் சோதனைச் சொட்டை விடுங்கள். வெள்ளைத் தாளின் எதிரே லேசாக மஞ்சள் தட்டினாலும் சவ்வுக்குள் விடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன்: வரும் தண்ணீரே 80 டிடிஎஸ் என்கிறீர்கள். அதற்கு ஆர்ஓ எதற்கு? கிருமிதான் கவலை என்றால் யுஎஃப் சவ்வும் (உப்பை விட்டுக் கிருமியை வடிக்கும் நுண்துளைச் சவ்வு) யுவி (புற ஊதா) விளக்கும் போதும். பாலிசல்போன் என்ற நெகிழியில் செய்த யுஎஃப் குளோரினுக்கு இப்படி அஞ்சுவதுமில்லை.