தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் அல்ல

அம்மா, உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன். கணக்கில் கெட்டிக்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பாள் என்று வீடே நினைத்திருந்த மகள், ‘அடல்ட் அனிமேஷனில் புரொட்யூசர் ஆகப் போகிறேன்’ என்கிறாள். நீங்கள் ஃபிரீமான்ட்டில் தூக்கம் வராமல் கிடக்கிறீர்கள். உங்களைப் பயமுறுத்துவது அந்த ஒரு வரியில் உள்ள இரண்டு சொற்கள்தான்.

முதல் சொல் ‘அடல்ட்’. அதைக் கேட்டதும் நம் வீடுகளில் நினைப்பு எங்கே போகும் என்று தெரியும். இந்தத் துறையில் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. பெரியவர்கள் பார்ப்பதற்காக எழுதப்படும் கார்ட்டூன் தொடர், அவ்வளவுதான். 1989-இல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி இன்றும் ஓடும் ‘த சிம்ப்சன்ஸ்’ ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதை. நெட்ஃபிளிக்ஸில் 2014 முதல் 2020 வரை வந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’, குதிரை முகம் கொண்ட ஒரு பழைய நடிகனை வைத்துக் குடியையும் மனச்சோர்வையும் அவ்வளவு நேர்மையாகப் பேசியது. கெட்ட வார்த்தையும் படுக்கையறை நகைச்சுவையும் நிறைந்த தொடர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆரம்ப வருடங்களில் எது கிடைக்கிறதோ அதில்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். இதை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இரண்டாவது சொல் ‘புரொட்யூசர்’. நம் ஊர் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் முதலாளி. பணம் போடுகிறவர், படம் ஓடாவிட்டால் வீட்டை விற்கிறவர். ‘நம்மிடம் அவ்வளவு பணம் ஏது’ என்று உங்கள் கணவர் கேட்டதும் அதனால்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பணம் போடுவது ஸ்டுடியோவும் சேனலும். புரொட்யூசர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்.

அந்தப் பெயருக்குப் போக இரண்டு ஏணிகள் இருக்கின்றன. உங்கள் மகள் இதுவரை யோசிக்காத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று எழுத்தாளர்களின் ஏணி. அமெரிக்கத் தொடர்களில் எழுத்தாளர்கள் பதவி உயரும்போது கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர் என்று பட்டங்கள் மாறும். உச்சியில் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர். மிண்டி கேலிங்கைத் தெரியும்தானே? இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர். ‘தி ஆஃபீஸ்’ தொடரில் எழுத்தாளராகவும் நடிகையாகவும் சேர்ந்து, இந்த ஏணியில் ஏறித் தயாரிப்பாளர் ஆனவர். 2023-இல் வந்த ‘வெல்மா’ என்ற பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடரில் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், கதாநாயகிக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான்.

இன்னொன்று தயாரிப்பு நிர்வாகத்தின் ஏணி. புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட், கோஆர்டினேட்டர், புரொடக்‌ஷன் மேனேஜர், அன்றாடச் செலவையும் அட்டவணையையும் கவனிக்கும் லைன் புரொட்யூசர், அப்புறம் புரொட்யூசர். பள்ளி நாடக விழாவுக்கு மூன்று வருடமாக ஒத்திகை அட்டவணை போட்டு எல்லாரையும் துரத்திப் பிடித்தது உங்கள் மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கதை எழுதுகிறாள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவளுக்கான ஏணி இதுவென்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேலை என்ன என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஸ்கிரிப்ட் முடிந்ததும் குரல் பதிவு நடக்கும். பிறகு காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு, அதை ஓடவிட்டுப் பார்க்கும் அனிமாட்டிக், பாத்திரங்களின் வடிவமைப்பு, வண்ணம். எல்லாம் சரிபார்த்தபின் பெரும்பாலும் வெளிநாட்டு ஸ்டுடியோவுக்குப் போகும். ‘த சிம்ப்சன்ஸ்’ போவது தென் கொரியாவின் சியோலுக்கு. திரும்பி வந்ததைப் பார்த்துத் திருத்தங்கள் சொல்வார்கள், அதற்கு ‘ரீடேக்’ என்று பெயர். அந்தத் தொடர் 1989 இலையுதிர்காலத்தில் தொடங்க வேண்டியது. முதலில் தயாரான எபிசோட் கொரியாவிலிருந்து வந்தபோது தரம் படுமோசம். பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. தொடரைத் தள்ளிவைத்து, வேறொரு கிறிஸ்துமஸ் கதையை முதல் எபிசோடாக டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பினார்கள். பழுதுபார்த்த எபிசோட் 1990 மே மாதம், அந்த சீசனின் கடைசியில்தான் வந்தது. எதைத் திருப்பி அனுப்புவது, எதை முன்னால் நகர்த்துவது, அதற்குப் பணமும் நாளும் எங்கிருந்து எடுப்பது, சேனலிடம் யார் போய்ச் சொல்வது? இந்தக் கேள்விகளோடு காலையில் எழுந்திருக்கிறவர்தான் புரொட்யூசர்.

பெரியவர்களுக்கான இன்னொரு கார்ட்டூன் தொடரான ‘சவுத் பார்க்’ இதற்கு நேர் எதிர். பெரும்பாலான எபிசோட்கள் ஆறே நாளில் தயாராகின்றன. 1997-இல் தொடங்கி 2013 அக்டோபரில் ஸ்டுடியோவில் மின்சாரம் போன அந்த ஒரு வாரம் வரை அவர்கள் கெடு தவறியதே இல்லை. அதன் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் ஆன் காரஃபினோ. படைப்பாளிகள் இருவரின் பெயர் உலகத்துக்கே தெரியும், இவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இந்த ஏணியில் புகழ் குறைவு என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

சரி, நிலையான வேலையா? இல்லை. ‘ஃபியூச்சராமா’ என்ற அனிமேஷன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தொடங்கி 2003-இல் நின்றது. 2010-இல் வேறு சேனலில் வந்து 2013-இல் மறுபடி நின்றது. 2023-இல் ஹூலு என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் மீண்டும் வந்தது. அதன் தயாரிப்பாளர் கிளாடியா காட்ஸ் இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் பார்த்தவர். சீசன் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்தது வரும்வரை சேமிப்பில் ஓட்ட வேண்டும். சில வருடங்களாக ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அனிமேஷனைக் குறைத்துவிட்டதால், அனுபவசாலிகளே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பச் சம்பளத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் தனி வீடு கிடைக்காது, தோழிகளோடு பகிர்ந்துதான் இருக்க வேண்டும். முதல் இரண்டு வருட வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவரோடு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கல்லூரிக் கடன் குறைவாக இருந்தால் மட்டுமே அது தாங்கும்.

அதனால்தான் விலை உயர்ந்த கலைக் கல்லூரி வேண்டாம் என்கிறேன். கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியின் கேரக்டர் அனிமேஷன் படிப்பு வரைகிறவர்களுக்கு. உங்கள் மகள் வரைவதில்லை. நீங்கள் கலிஃபோர்னியாவாசிகள், மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணமே போதும். கால் ஸ்டேட் நார்த்ரிட்ஜில் சினிமா-தொலைக்காட்சித் துறை இருக்கிறது. அனிமேஷன் ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பேங்க் அங்கிருந்து பக்கம், படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போய்வரலாம். கம்ப்யூட்டர் சயின்ஸை மைனராக, அதாவது துணைப்பாடமாக, வைத்துக்கொள்ளட்டும். ஆயிரக்கணக்கான ஷாட்களையும் கோப்புகளையும் கண்காணிக்கும் வேலையில் அது நிஜமாகவே உதவும். (தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் பெற்றோருக்கு: அசிஸ்டென்ட் நிலை வேலைக்காக அமெரிக்க நிறுவனம் விசா வாங்கித் தருவது மிக அரிது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.)

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எழுத்தாளர்கள் கூடிக் கதை பேசும் ‘எழுத்தாளர் அறை’யின் அசிஸ்டென்ட் வேலை வேறு, தயாரிப்புப் பிரிவின் அசிஸ்டென்ட் வேலை வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டு, ‘இங்கே வந்தும் அங்கே போக முடியவில்லையே’ என்று வருடக்கணக்கில் வருந்துகிறார்கள்.

இந்தக் கோடைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். வரையத் தெரிந்த இரண்டு தோழிகள், குரல் கொடுக்க ஒருவர், ஒரு நிமிடப் படம், ஆறு வாரம். இவள் ஒரு கோடும் வரையக் கூடாது. அட்டவணை போடுவது, யார் எதை எப்போது முடித்தார்கள் என்று குறிப்பது, தாமதமானால் பேசுவது மட்டும் இவள் பொறுப்பு. ஆகஸ்ட் கடைசியில் நாம் மறுபடி பேசும்போது அந்த அட்டவணையோடு அவளையும் அழைப்பில் சேருங்கள். படத்தை அப்புறம் பார்க்கிறேன். ஒரு தோழி சொன்ன நாளில் கொடுக்காத வாரத்தில் இவள் அவளிடம் எப்படிப் பேசினாள், இருவரும் இன்னும் தோழிகளாக இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன்.