மூன்று யூனிட் போதுமா?

அன்புள்ள சார்,

தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டர். பிளஸ் டூவில் கணக்கில் 91. இங்கே முதல் இன்டர்னலில், மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில், நூற்றுக்கு 22. வகுப்பில் கவனிக்கும்போது புரிகிறது. கேள்வித்தாளைப் பார்த்தால் கை ஓடவில்லை. ஹாஸ்டல் சீனியர் அண்ணன்கள், "மூணு யூனிட் போதும்டா, லோக்கல் ஆதர் புக் வாங்கிப் படி, பாஸ் ஆயிடலாம்" என்கிறார்கள். செய்யலாமா? இங்கிலீஷில் எழுதவும் பயம். பேசாமல் கலைக் கல்லூரிக்கே போயிருக்கலாமோ என்று தோன்றுகிறது. நீங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அண்ணன்கள் சொன்னதையே முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாட, தேர்வு விதிமுறை) என்று வைத்துக்கொள்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, அதற்குப் பிறகு வந்த ரெகுலேஷன் என்றாலோ கணக்கு மாறலாம். செமஸ்டர் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. பார்ட் ஏ-யில் பத்து டூ மார்க், பார்ட் பி-யில் ஐந்து பதின்மூன்று மார்க், பார்ட் சி-யில் ஒரு பதினைந்து மார்க். பாடத்துக்கு ஐந்து யூனிட். வழக்கமாக யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க், ஒரு பதின்மூன்று மார்க். சாய்ஸ் உண்டு, ஆனால் அந்த 'இது அல்லது அது' ஒரே யூனிட்டுக்குள்தான். படிக்காமல் விட்ட யூனிட்டுக்குப் பதிலாகத் தெரிந்த யூனிட்டில் இரண்டு எழுத வழியில்லை. ஆக, மூன்று யூனிட் படித்தவர் பி-யில் 39, ஏ-யில் 12 என 51-க்குத்தான் பேனாவையே எடுக்க முடியும். பார்ட் சி எங்கிருந்து வரும் என்பது கேள்வித்தாள் எடுப்பவர் புண்ணியம்.

பாஸ் ஆக செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 வேண்டும். 51-க்கு எழுதி 45 வாங்குவதென்றால் அநேகமாகத் தப்பே விடக்கூடாது. அப்படி எழுதக் கூடியவனுக்கு மூன்று யூனிட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

அதோடு போகவில்லை. இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 ஆகக் குறைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் தாளில் 45 வாங்கினால் 27 சேர்ந்து 57. கரையேறிவிடுவார். இன்டர்னலில் 15தான் என்றால் மீதி 35-க்குத் தாளில் 59 வாங்க வேண்டும். ஒரு பதின்மூன்று மார்க் கேள்வியை முழுசாக எழுதினாலும் நிரம்பாத வித்தியாசம் இது. அசைன்மென்ட்டும் இன்டர்னலில் சேரும். அடுத்தவன் நோட்டைப் பார்த்துக் கடைசி ராத்திரி எழுதிக் கொடுக்கிற பழக்கத்தை இப்போதே விடுங்கள்.

91 எப்படி 22 ஆனது? பிளஸ் டூவில் ஒரே புத்தகம். அதிலுள்ள கணக்கைக் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு, நடுவில் ஸ்லிப் டெஸ்ட் என்று உங்கள் ஆசிரியர் திரும்பத் திரும்பப் போட வைத்தார். இங்கே சிலபஸ் என்று ஒரு பத்தி இருக்கிறது, வாத்தியார் போர்டில் இரண்டு கணக்குப் போடுவார், அடுத்த வாரம் அடுத்த யூனிட். போர்டைப் பார்க்கும்போது புரிவது அவருக்குத் தெரிந்ததுதான். உங்கள் கைக்கு அது இன்னும் வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் போட்டுப் பாருங்கள், எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு பழைய உதாரணம். எத்தனையோ தாளில் வந்த 3×3 அணி: முதல் வரிசை 8, -6, 2. இரண்டாவது -6, 7, -4. மூன்றாவது 2, -4, 3. ஐகன் மதிப்புகளும் வெக்டார்களும் கேட்பார்கள் (அணியால் பெருக்கினால் தன் மடங்காகவே வருகிறது ஐகன் வெக்டார், அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு). மதிப்புகள் 0, 3, 15. மூலைவிட்டத்தில் இருக்கிற 8, 7, 3-ஐக் கூட்டுங்கள், 18. ஐகன் மதிப்புகளைக் கூட்டினாலும் 18. பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வர வேண்டும். இங்கே பூஜ்யம், அதுவும் சரி. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது. நான் திருத்திய தாள்களில் பாதிப் பேர் இதைச் செய்யாமல், சமன்பாட்டிலேயே ஒரு கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டு, மூன்று பக்கத்துக்குத் தப்பான வெக்டார்களை அழகாக எழுதியிருப்பார்கள். ஸ்டெப்புக்கு மதிப்பெண் போடலாம்தான், ஆனால் எதற்கென்று போடுவது? இந்தக் கூட்டல், பெருக்கல் விதிகளே டூ மார்க்காகவும் வரும் என்பது கூடுதல் லாபம்.

லோக்கல் ஆதர் புத்தகத்தைக் கேவலமாகப் பேசும் பேராசிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. வாங்குங்கள். பழைய கேள்விகளும் விடைகளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. விடையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு போடுங்கள், முடித்த பிறகு தாளை நகர்த்துங்கள். அதைக் கதைப் புத்தகம்போல் வாசிக்கிறவர்களுக்குத்தான் உங்களுக்கு வந்த அதே 22 வருகிறது.

நேரம்: மூன்று மணி நேரம், 180 நிமிடம். பார்ட் ஏ-க்கு 20, பெரிய கேள்விகள் ஆறுக்கும் தலா 25. பத்து நிமிடம் மிஞ்சும். ஒரு கணக்கு 25 நிமிடத்தில் மசியவில்லையா, இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். முதல் செமஸ்டர் பிள்ளைகள் இதில்தான் பிடிவாதம் பிடிப்பார்கள்.

இங்கிலீஷ் கணக்குத் தாளில் பெரிய விஷயமே இல்லை. இயற்பியல், வேதியியலில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், படத்தைப் பெரிதாகப் போட்டுப் பாகங்களைக் குறியுங்கள். திருத்துகிறவர் முதலில் படத்தைத்தான் பார்ப்பார், நான் அப்படித்தான் பார்த்தேன். பைத்தான் புரோகிராம்களையும் கையால் எழுதிப் பழகுங்கள், தாளில் இன்டென்டேஷனை, அதாவது வரியை உள்ளே தள்ளி எழுதுவதை, எடிட்டர் வந்து போட்டுத் தராது. தமிழர் மரபு பாடத்தை ஒரு கிரெடிட்தானே என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள். அரியர் பட்டியலில் ஒரு கிரெடிட்டும் ஒரு வரிதான்.

கலைக் கல்லூரிக்குப் போவது தாழ்ந்த முடிவொன்றும் இல்லை. ஆனால் ஒரு இன்டர்னல் தாளை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து, போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதியதைத் திங்கட்கிழமை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம், கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பென்சில் எழுத்து தெரிவதில்லை.